புல்லுக்கு அடியில போன தண்ணி

"வீட்டுக்குப் பின்னாடி செயற்கைப் புல் போடலாம்னு இருக்கோம், உங்களுக்குப் போட்டுக் குடுத்தவர் நம்பர் குடுங்க டாக்டர்"னு இந்த வருஷம் மட்டும் நாலு பேர் கேட்டுட்டாங்க. நம்பர் தர்றதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். மழை பெஞ்சா உங்க வீட்டுத் தண்ணி எங்க போகுது?

நாலு பேருக்கும் பதில் தெரியல. 2021 ஜனவரி வரைக்கும் எனக்கும் தெரியாது.

கொஞ்சம் நீளமான இழை. களிமண், வடிகால், செயற்கைப் புல், கூடவே ஒரு சர்க்கரை நோயாளியோட கால். அவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதுறேன். "பேரெல்லாம் வேண்டாம் தம்பி, பின்வீட்டு அம்மான்னு போடுங்க போதும்"னு சொல்லிட்டாங்க.

கும்பகோணத்துக்கு வெளியே, வயலா இருந்து மனைப்பிரிவா மாறுன இடத்துல 2014-ல வீடு கட்டினேன். பின்னாடி 30-க்கு 20 அடி காலி இடம். கோடையில அந்த மண் விரல் நுழையற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி பிறந்துட்டா காலைப் பிடிச்சு இழுக்கும். அடைமழை விட்டு அஞ்சாறு நாள் ஆனாலும் தண்ணி அப்படியே நிக்கும், பாசி பிடிக்கும். அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் மாத்தி வச்சிருக்கு. அந்தப் பக்கம் போகவே பயப்படுவாங்க. 2018-ல ஒரு நாள் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரோட அடியில ரெண்டு ஓட்டை போட்டாரு. "இனிமே தண்ணி போயிடும் டாக்டர்"னாரு.

போயிடுச்சு. எங்க போச்சுன்னு நான் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல.

2020-ல ஊரடங்கு. மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்ல, அம்மாவுக்குக் கோயில் இல்ல. வீட்டுக்குள்ளேயே ரெண்டு பேரும் அடைஞ்சு கிடந்தாங்க. ஆகஸ்ட்ல செயற்கைப் புல் போடுற ஒருத்தரைப் பிடிச்சேன். சதுர அடி 62 ரூபாய், 600 சதுர அடிக்கு 37,200. "சார், அடியில தண்ணி நிக்குமே"ன்னு கேட்டேன். அவர் புல் விரிப்பைத் திருப்பிக் காட்டினாரு. பின்பக்கம் பூரா வரிசையா ஓட்டை. "தண்ணி நிக்கவே நிக்காது சார், எவ்வளவு ஊத்தினாலும் இறங்கிடும்." ஒரு சொம்புத் தண்ணியை ஊத்தியும் காட்டினாரு. இறங்கிடுச்சு. எனக்குத் திருப்தி. பள்ளத்துக்கெல்லாம் மணல் கொட்டி மட்டம் பண்ணி, ஒரே நாள்ல விரிச்சுட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் அம்மா வெறுங்காலோட நடந்தாங்க. போட்டோ எடுத்து இதே பக்கத்துல போட்டேன். நிறைய பேர் லைக் பண்ணீங்க.

புல்லுல ஓட்டை இருக்கு, சரி. தண்ணி புல்லைத் தாண்டி இறங்கிடும், அதுவும் சரி. அதுக்குக் கீழ இருக்குற மண்ணுல ஓட்டை இருக்கான்னு நாங்க ரெண்டு பேருமே கேட்கல.

டிசம்பர்ல புரெவி வந்துச்சு. டெல்டாக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரையேறாம மன்னார் வளைகுடாப் பக்கமே சுத்திக்கிட்டு, நாள்கணக்கா எங்களை ஊறப் போட்டுச்சு. ரெண்டாவது நாள் காலையில பின்கதவைத் திறந்தா புல் விரிப்பு பாய் மாதிரி மிதக்குது. கொட்டின மணல் ஒரு மூலையில ஒதுங்கியிருக்கு. நாலாவது நாள்ல இருந்து ஒரு நாத்தம். அழுகின முட்டை மாதிரி. மழை விட்டதும் அம்மா "காஞ்சிருச்சுப் போலருக்கே"ன்னு ஒரு கால் வச்சாங்க. உப்பியிருந்த இடம் அமுங்கி வழுக்கிடுச்சு. நல்லவேளை, கொடிக்கயித்துத் தூணைப் பிடிச்சுட்டாங்க. இல்லைன்னா இந்த இழை வேற மாதிரி இருந்திருக்கும்.

நான் அன்னைக்கு யோசிச்சது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஆள் என்னை ஏமாத்திட்டான்.

2021 பொங்கலுக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம் கிளினிக். பின்வீட்டு அம்மா வந்தாங்க. 60 வயசு தாண்டினவங்க, வீட்டுக்காரர் தவறிட்டாரு, மகன் வெளியூர்ல. பத்து வருஷத்துக்கு மேல சர்க்கரை. வருஷா வருஷம் மழைக்காலத்துல கால் விரலிடுக்குல சேத்துப்புண்ணோட வருவாங்க. நான் பூஞ்சைக் களிம்பு எழுதிக் குடுத்து, "கால் ஈரத்துல படாமப் பாத்துக்குங்கம்மா, விரலிடுக்கை நல்லாத் துடைங்க"ன்னு சொல்லி அனுப்புவேன். மூணு வருஷமா இதேதான்.

இந்தத் தடவை களிம்புல நிக்கிற நிலைமை இல்ல. டிசம்பர் கடைசியிலேயே கால் வீங்கிச் சிவந்து, காய்ச்சல் வந்து, வேற ஒரு ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் ஊசி போட்டுட்டு வந்திருக்காங்க. செல்லுலைட்டிஸ். விரலிடுக்குல தோல் ஊறி வெள்ளையாகிப் பிளந்துடும், அந்தப் பிளவு வழியா பாக்டீரியா உள்ள போயிடும். சர்க்கரைக்காரங்களுக்குக் கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், ரத்த ஓட்டமும் குறைஞ்சிருக்கும். வலி தெரியறதுக்குள்ள புண் ஆழமாயிடும். விரலை எடுக்குற வரைக்கும் போன நோயாளிகளை நான் பார்த்திருக்கேன். பயத்துல கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஈரத்துல நிக்காதீங்கன்னு? ஏம்மா கேக்க மாட்டேங்கிறீங்க?"

அவங்க கோபப்படல. காலை மெதுவாக் கீழ இறக்கி வச்சுக்கிட்டுச் சொன்னாங்க.

"கொல்லைப்பக்கம்தான தம்பி கக்கூஸ், துணி தோய்க்கிற கல்லு எல்லாம். மழை பெஞ்சா அங்க கணுக்கால் தண்ணி. உங்க சுவத்து ஓட்டையில இருந்து வருது. முன்னெல்லாம் இவ்வளவு வராது. நீங்க பச்சைக் கம்பளம் விரிச்சதுல இருந்துதான் கொட்டுது. எத்தனை தடவ கால் வைக்காம இருக்க முடியும்?"

வெளியில இன்னும் பதினஞ்சு பேர் உட்கார்ந்திருந்தாங்க. நான் என்ன பதில் சொன்னேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்ல. "நான் பாக்குறேம்மா"ன்னு ஏதோ சொல்லியிருப்பேன். மூணு வருஷமா அந்தக் கால்ல இருந்த ஈரம் என் வீட்டு ஈரம். களிம்புக்கு ஃபீஸும் வாங்கியிருக்கேன்.

மறுநாள் காலையில முதல் தடவையா சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். அவங்க சொன்னது அத்தனையும் சரி. சமையக்கட்டுச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்துச்சு.

"ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"டாக்டர் வீட்டுக்கிட்ட எப்படித் தம்பி சொல்றது?"

இது எனக்கு அந்த ஓட்டையை விடக் கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு ஓட்டையையும் அன்னைக்கே சிமெண்ட் வச்சு அடைக்கச் சொன்னேன். அடைச்சா தண்ணி என் வீட்ல நிக்கும். நிக்கட்டும். இனிமே இது என் பிரச்சினை.

அவங்கதான் அப்புறம் இன்னொரு விஷயம் சொன்னாங்க. எங்க மனைப்பிரிவு இருக்குற இடம் அவங்க வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்து உழுத வயல். "நான் நடவு நட்ட மண்ணு தம்பி இது. தண்ணி நிக்கணும்னுதான் இதை இத்தனை காலமா உழுதோம். இப்ப வீட்டைக் கட்டிட்டு, தண்ணி நிக்குதேன்னா?"

ராத்திரி உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன். அவங்க சொன்னது அப்படியே மண் அறிவியல். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது. மணல்துகள் அதைவிட இருபத்தஞ்சு மடங்குல இருந்து ஆயிரம் மடங்கு வரைக்கும் பெரிசு. துகள் பொடிசா இருந்தா நடுவுல இடைவெளியும் பொடிசு, தண்ணி நகர வழி இல்ல. மணல்பாங்கான மண்ணுல மணிக்கு 30 மி.மீ.க்கு மேல தண்ணி இறங்கும். களிமண்ணுல 1-ல இருந்து 5 மி.மீ.தான். அதோட நெல்வயல்ல வருஷா வருஷம் தண்ணி கட்டிச் சேறடிச்சு உழும்போது, முக்கால் அடி ஆழத்துல ஒரு கெட்டியான அடுக்கு உருவாகும். தண்ணி கீழ ஓடிடக் கூடாதுன்னு விவசாயி வேணும்னே உண்டாக்குறது அது. நான் வீடு கட்டினது, தலைமுறை தலைமுறையா மனுஷன் காலாலயும் மாட்டுக் காலாலயும் மிதிச்சுச் செஞ்ச ஒரு தொட்டிக்கு மேல. அது மேல புல் விரிச்சேன். சீழ் கட்டியிருக்குற புண்ணைத் திறந்து வடிக்காம மேல தையல் போட்டா என்ன ஆகும்னு முதல் வருஷ ஹவுஸ் சர்ஜனுக்குக்கூடத் தெரியும்.

மழை ஓய்ஞ்சு, தை மாசம் நிலம் கொஞ்சம் காஞ்சதும், புல்லைச் சுருட்டி வச்சுட்டு ஒரு பரிசோதனை பண்ணினேன். இதை நீங்களும் பண்ணலாம், காசு செலவில்லை. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி. முதல்ல ஒரு தடவை நிரப்பி ஊற விடணும், காஞ்ச மண் முதல் தண்ணியைக் குடிச்சு நம்மை ஏமாத்தும். மறுநாள் திரும்ப நிரப்பி ஒரு ஸ்கேலை நட்டு வச்சுப் பார்க்கணும். சாயங்காலம் 6 மணிக்கு நிரப்பினேன். காலையில 6 மணிக்குப் பார்த்தா இறங்கினது ரெண்டரை சென்டிமீட்டர். மணிக்குச் சுமார் 2 மி.மீ.

அடுத்து வார்டுல நர்ஸ் எழுதுற மாதிரி, எவ்வளவு உள்ள போகுது, எவ்வளவு வெளிய வருதுன்னு ஒரு கணக்கு. ஒரு நாள்ல 10 செ.மீ. மழை பெய்யுதுன்னு வச்சுக்குவோம், டெல்டாவுல இது அதிசயம் இல்ல. 600 சதுர அடியில விழற தண்ணி சுமார் 5,570 லிட்டர். ஆனா பின்பக்கம் வர்றது அது மட்டும் இல்ல. மொட்டை மாடி 1,100 சதுர அடி. அதுல இருந்து இறங்குற மழைக்குழாய் எல்லாத்தையும் வீடு கட்டும்போதே பின்பக்கம் விட்டிருந்தோம். முன்பக்கம் குழாய் தெரிஞ்சா அழகா இருக்காதுன்னு நான்தான் சொன்னேன். மாடித் தண்ணி இன்னொரு 10,200 லிட்டர். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 15,800 லிட்டர். அதை அந்த 600 சதுர அடியில நிறுத்தினா 28 செ.மீ. உயரம் வரும். மணிக்கு 2 மி.மீ. இறங்குற மண்ணு அதைக் குடிச்சு முடிக்க ஆறு நாள். "அஞ்சாறு நாள் நிக்கும்"னு நான் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லிக்கிட்டு இருந்த கணக்கு அப்படியே வந்து நின்னுச்சு.

மூணுல ரெண்டு பங்கு தண்ணி மாடியில இருந்து வருது, தரையில இருந்து இல்ல. இதைக் கண்டுபிடிக்காம நான் நேரா பள்ளம் தோண்டியிருந்தா, தேவையை விட மூணு மடங்கு பெரிசாத் தோண்டியிருப்பேன்.

அதனால முதல் வைத்தியம் ரொம்ப சாதாரணமானது. மழைக்குழாய்களை முன்பக்கம் திருப்பினோம். எங்க தெருவுல ரோடு போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாம மேல மேல போட்டு, தெருச் சாக்கடை எங்க பின்வாசலை விட அஞ்சு அங்குலம் மேடாயிடுச்சு. தமிழ்நாட்டுல பாதி வீடுகளோட கதை இதுதான். பின்வாசல்ல தேங்குன தண்ணி அந்த மேட்டுக்குத் தானா ஏறாது. ஆனா மாடித் தண்ணி மேல இருந்துதான இறங்குது? அதுக்கு மேடு ஒரு பொருட்டே இல்ல. ஒரு வடிகட்டித் தொட்டி வச்சு முன்பக்க உறைகிணத்துல விட்டோம், நிரம்பினா மழைநீர்க் கால்வாய்க்குப் போற மாதிரி. 2003-லயே சட்டம் போட்டு எல்லா வீட்டுலயும் மழைநீர் சேகரிப்பு வைக்கச் சொன்னாங்க. என் வீட்டு பிளான்லயும் அழகா வரைஞ்சிருந்துச்சு. வரைஞ்சதோட சரி.

இன்னொண்ணு. களிமண் ஊர்ல ரெண்டடிக் குழி தோண்டி ஜல்லி போட்டு "மழைநீர் சேகரிப்பு"ன்னு சொன்னா, அது கொசு சேகரிப்பு. களி அடுக்கைத் தாண்டி மணல் வர்ற வரைக்கும் போகணும். எங்களுக்கு 14 அடியில மணல் வந்துச்சு. அப்பவும் கார்த்திகை, மார்கழியில நிலத்தடி நீர் மேல ஏறிடும், கிணறு வாங்காது. அதனால நிரம்பி வழிய ஒரு வழி கட்டாயம்.

மிச்சம் இருக்குறது பின்வாசல்ல நேரா விழற தண்ணி. அதுக்கு எங்க போக்கு? கொத்தனார், "ரெண்டு லோடு மணல் அடிச்சு மேடாக்கிடுவோம் டாக்டர்"னாரு. மேடாக்கினா தண்ணி திரும்பவும் சுவரைத் தேடித்தான் போகும். களிமண்ணோட மணலைக் கொத்திக் கலந்து விடுங்கன்னு இன்னொருத்தர் சொன்னாரு. கொஞ்சம் மணலைக் களியில கலந்தா மண்ணு இளகாது, காஞ்சதும் செங்கல் மாதிரி இறுகும். ஜிப்சம் போடுங்கன்னும் ஒரு யோசனை வந்துச்சு. அது சோடியம் அதிகமா இருக்குற களர் மண்ணுக்கு மருந்து, எல்லாக் களிமண்ணுக்கும் இல்ல. மோட்டார் வைக்கலாம், ஆனா புயல்னா முதல்ல போறது கரண்ட்டுதான்.

வழி சொன்னது பின்வீட்டு அம்மாதான். "ஒரு வயல்னா ரெண்டு வாய்க்கா இருக்கும் தம்பி. பாசன வாய்க்கா மேட்டுல வரும், வடிகா பள்ளத்துல போகும். வாய்க்காலை எல்லாரும் பாத்திருப்பீங்க, தண்ணி வரும்ல. வடிகாலை யாரு பாக்குறா?" அவங்க கொல்லைக்கும் பின்னால, நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்குள்ள ஒரு பள்ளம். நான் ஏழு வருஷமா குப்பைமேடுன்னு நினைச்சுக்கிட்டிருந்த இடம். டியூப்ல தண்ணி நிரப்பி மட்டம் பார்த்தோம். எங்க பின்வாசல்ல இருந்து 70 அடி தூரம், 14 அங்குலம் தாழ்வு. குழாய்க்கு நூறு அடிக்கு ஒரு அடி சரிவு இருந்தாப் போதும். தாராளமா இருந்துச்சு.

ஆனா குழாய் அவங்க கொல்லை வழியாத்தான் போகணும். கேக்குறதுக்கே வாய் வரல. அவங்களே கேட்டாங்க, "எங்க தண்ணியும் அதுல சேருமா?" சேரும்னேன். "அப்ப தோண்டுங்க" அவ்வளவுதான்.

மேட்டூர் வழக்கமா ஜனவரி 28-ல மூடுவாங்க, அதுக்கப்புறம் வடிகால் காயும். மார்ச்ல தெருவுல ஆறு வீட்டுக்காரங்க சேர்ந்து காசு போட்டு அந்த வடிகாலைத் தூர்வாரினோம். அதுல கிடைச்சதை எழுதினா இன்னொரு இழை ஆயிடும். ரெண்டு மெத்தை, ஒரு ஃப்ரிட்ஜ் கதவு. ஃப்ரிட்ஜ் கதவு எங்க தெருவோடதுதான்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கல.

பின்வாசல் வேலை ஏப்ரல்ல. களிமண்ணை ஈரமா இருக்கும்போது தொடக்கூடாது, மிதிக்க மிதிக்க இன்னும் இறுகும். நல்லாக் காய விட்டு, மேல எட்டு அங்குலம் மண்ணை வெட்டி எடுத்தோம். வெட்டின தரையையே வீட்டுப் பக்கத்துல இருந்து பின்சுவர் பக்கமா நாலு அங்குலம் சரிய விட்டு, திமிசுக் கட்டையால அடிச்சோம். சரிவு மேல தெரியற புல்லுல இருந்தாப் போதாது, ஜல்லிக்குக் கீழ இருக்குற களித்தரையிலயும் இருக்கணும். தண்ணி கடைசியா நிக்கப் போறது அங்கதான். முதல் தடவை எனக்குப் போட்டவங்க மேல் மட்டத்தை மட்டும் ரசமட்டம் வச்சு அழகாப் பார்த்தாங்க.

பின்சுவருக்கு ரெண்டடி தள்ளி, நீளவாக்குல ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதுல ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிச்சு, கொஞ்சம் முக்கால் இன்ச் ஜல்லி, அதுக்கு மேல ஓட்டை போட்ட நாலு இன்ச் பிவிசி குழாய், ஓட்டை கீழ்ப்பக்கம் பார்த்த மாதிரி. சுத்தி ஜல்லி போட்டு, துணியைப் பொட்டலம் மாதிரி மடிச்சு மூடினோம். துணி இல்லாம விட்டா ரெண்டே மழைக்காலத்துல களி இறங்கி ஜல்லியை அடைச்சிடும். இதை பிரெஞ்சு டிரெயின்னு சொல்வாங்க. பிரான்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஹென்றி ஃபிளாக் பிரெஞ்சுன்னு ஒரு அமெரிக்கர் 1859-ல பண்ணை வடிகால் பத்தி எழுதின புத்தகத்தால வந்த பேரு.

மீதி இடத்துல துணி, நாலு அங்குலம் ஜல்லி, மேல ஒரு அங்குலம் சிப்ஸ். இங்க ஒரு சண்டை. புல் போடுறவங்க கிரஷர் டஸ்ட் போடணும், அப்பத்தான் மட்டம் நிக்கும்னாங்க. டஸ்ட் கெட்டியா நிக்கும், உண்மை. ஆனா எங்க மாதிரி தண்ணி அடிவழியா ஓடியே ஆகணும்ங்கிற இடத்துல, அந்தப் பொடி இடைவெளியை எல்லாம் அடைச்சுடும். கழுவின சிப்ஸ்தான்னு நின்னேன். நடக்கும்போது முதல் மாசம் கொஞ்சம் நொறநொறன்னு இருந்துச்சு, அப்புறம் படிஞ்சிருச்சு.

குழாய் வெளிய போறதுக்கு முன்னாடி மண் படிய ஒரு சின்னத் தொட்டி கட்டினோம். இதுல நான் ஒரு தப்புப் பண்ணினேன், ஒரு டாக்டர் பண்ணக் கூடாத தப்பு. தொட்டியோட அடி, குழாய் வாயை விட ஆறு அங்குலம் தாழ்வு. மண்ணு படியறதுக்கு அது வேணும். ஆனா அந்த ஆறு அங்குலத்துலயும் தண்ணி நிக்கும்ல? ஜூன்ல ஒரு கோடை மழை. பத்து நாள் கழிச்சு மூடியைத் தூக்கினா உள்ள புழு நெளியுது. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்குத் தரையில பரந்து கிடக்குற சேறை விட இந்த மாதிரி மூடின, சுவர் வச்ச, ஓரளவு தெளிஞ்ச தண்ணிதான் இஷ்டம். முட்டையில இருந்து கொசுவாக ஏழுல இருந்து பத்து நாள். ஊருக்கெல்லாம் டயரைக் கவிழ்த்து வைங்க, டிரம்மை மூடுங்கன்னு சொல்லிட்டு, நானே சிமெண்ட்ல ஒரு கொசுப் பண்ணை கட்டி வச்சிருக்கேன். அப்புறம் மூடிக்கு அடியில கொசுவலைக் கம்பி வச்சு அடைச்சு, மழை விட்டா தண்ணியை இறைச்சு விட்டுட்டு மண்ணை அள்ளுறது என் ஞாயித்துக்கிழமை வேலைன்னு ஆயிடுச்சு. வடிகால் முனையில ஒரு ஒருவழி வால்வும் வச்சோம், அங்க தண்ணி ஏறினா திரும்பி வராம இருக்க.

மே 10 முழு ஊரடங்குக்கு ஒரு வாரம் முன்னாடிதான் எல்லாம் முடிஞ்சுது. பழைய புல்லைப் பினாயில் போட்டுக் கழுவிக் காய வச்சோம். பாதிதான் தேறுச்சு. யோசிச்சுப் பார்த்து 300 சதுர அடியோட நிறுத்திட்டேன். சுவர் ஓரம் கல்வாழையும் சேம்பும் வச்சாச்சு. ஈரம் அதுங்களுக்குப் பிடிக்கும், மண்ணும் கொஞ்சம் மூச்சு விடும். முழுசாப் போடாததுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்திரை வெயில்ல மதியம் அந்தப் புல்லுல கால் வச்சுப் பாருங்க, தார் ரோடு மாதிரி சுடும். சர்க்கரையால கால் மரத்துப் போனவங்க தயவுசெய்து பகல்ல வெறுங்காலோட அதுல நடக்காதீங்க. சுட்டது தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும். அம்மாவுக்கு சாயங்காலம் அஞ்சரை மணிக்கு மேலதான் அனுமதி.

மொத்தச் செலவு, புல்லை விட்டுட்டு, 58,000 ரூபாய் கிட்ட ஆச்சு. இதுல மாடிக் குழாயைத் திருப்பினது வெறும் 6,800. கையில காசு குறைவுன்னா அதை மட்டுமாவது முதல்ல பண்ணுங்க.

2021 வடகிழக்குப் பருவமழை எப்படின்னு சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் பூரா கொட்டுச்சு. ரெண்டு நாள் வடிகாலே நிரம்பி, வால்வு மூடிக்கிச்சு. என் பின்வாசல்ல ரெண்டு அங்குலம் தண்ணி நின்னுச்சு. ஜன்னல்ல நின்னு அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். வடிகால் இறங்க ஆரம்பிச்ச ஆறு மணி நேரத்துல இதுவும் இறங்கிடுச்சு. சாதா மழைன்னா ஒரு மணி நேரம் கூட நிக்கறதில்ல. சுவத்து ஓரத்துல மட்டும் ஒரு இடம் லேசா அமுங்கியிருக்கு, வர்ற கோடையில பிரிச்சுப் பார்க்கணும்.

பின்வீட்டு அம்மாவோட கொல்லையில தண்ணி நிக்கல. சமையக்கட்டுச் சுவரைப் பூசிக் குடுத்தேன். அவங்க வேண்டாம்னாங்க, நான் கேக்கல. ஓதம் முழுசா இன்னும் காயல, அதுக்கு ரெண்டு கோடை ஆகும்னு கொத்தனார் சொல்றாரு.

பொங்கல் முடிஞ்சு கிளினிக்குக்கு வந்தாங்க. சர்க்கரை மாத்திரைக்கு. ஹெச்பிஏ1சி 9.4-ல இருந்து 8.1-க்கு வந்திருக்கு, இன்னும் குறையணும். நான் கேக்கறதுக்கு முன்னாடியே செருப்பைக் கழட்டி, காலைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சு, விரலை ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டினாங்க. அஞ்சு இடுக்கும்... இல்ல, நாலு இடுக்குதான, நாலும் சுத்தமா இருந்துச்சு.

போகும்போது வாசல்ல நின்னு, "அந்தப் பழைய பச்சைக் கம்பளம் மிச்சம் கிடக்குல தம்பி, ஒரு துண்டு குடுங்களேன்"னாங்க.

இப்ப அது அவங்க கொல்லைப்படியில கிடக்கு. கால் துடைக்க.